பெருமூச்சு சாரும் திறக்க மறுத்த கல்யாணமும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் தேடினாலும், பெருமூச்சு சாரைப் போல அலுத்துக்கொண்டே வேலை செய்கிற மனிதர் கிடைக்கமாட்டார். பொழிச்சலூரிலிருந்து பஸ் மாறி எங்கள் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருவார். படியேறியதும் ஒரு மூச்சு. செருப்பைக் கழற்றியதும் ஒரு மூச்சு. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் ஒன்று விடுவாரே, அதில் மேஜை மேலிருக்கும் பில்லெல்லாம் பறக்கும்.

நான் அங்கே கல்யாண ஆல்பம் ஒட்டுகிறவள். படிப்பு பத்தாவதோடு சரி. முதல் தடவை அவர் மூச்சு விட்டபோது, "முருகா, மனுஷனுக்கு நெஞ்சு வலி" என்று சொம்புத் தண்ணீரோடு ஓடினேன். "ஒண்ணுமில்லம்மா, பிரின்டர்ல பேப்பர் இல்ல" என்றார்.

எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாரையும் விசாரிப்பது அவர் வழக்கம். போலீஸ்கூட அப்படிக் கேட்காது. "காலையிலேர்ந்து என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க." ஒருநாள் எங்கள் முதலாளி, பல் விளக்கியதில் தொடங்கி, வீட்டுக்காரம்மாவோடு சண்டை, மச்சான் வந்து சமாதானம் என்று அத்தனையும் ஒப்பித்தார். பெருமூச்சு சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடுகிற விசிறியில் சிக்கியிருந்த பல்லி வாலை எடுத்துப் போட்டார்.

"அப்போ அந்த சண்டைக்கு இன்னா பண்றது சார்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டில் பெரிய பாடு, ஆயுத பூஜை லீவு முடிந்து கடை திறந்த அன்றுதான். எல்லாக் கல்யாண வீடியோவையும் சேர்த்து வைக்கிற பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது, சர்வர் என்போம். போட்டவுடன் லைட் எரிந்தது. விசிறி ஓடியது. வீடியோக்கள் இருக்கிற இடம் மட்டும் திறக்கவில்லை. திரையில் ஏதோ இங்கிலீஷில் எழுதி, ரிப்பேர் செய்யட்டுமா என்று அதுவே கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா வந்தாள். சேலையூர் பெண். போன வருஷம் நாங்கள்தான் அவள் கல்யாணத்தை எடுத்தோம். கல்யாணமாகிச் சில மாதத்தில் அவள் அப்பா காலமாகிவிட்டார். இவள் சாயங்காலம் துபாய்க்கு விமானம் ஏற வேண்டும்.

"ஆல்பம் எல்லாம் இருக்கு அக்கா, வீடியோதான் வாங்காமலே விட்டுட்டேன். ஆனா அப்பா பேசினது அந்த வீடியோல மட்டும்தான் இருக்கு. அவர் வாய்ஸ் வேற எதுலயும் இல்ல" என்றாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்தாள். நான் முருகனைக் கூப்பிட்டேன். முதலாளி பெருமூச்சு சாரைக் கூப்பிட்டார்.

வந்தார். மூச்சு விட்டார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"அதுவே ரிப்பேர் பண்றேன்னு சொல்லிகினு கீது, ஒரு தட்டு தட்டு சார்!" என்று குதித்தார் முதலாளி.

"தனக்குப் புரியாததையெல்லாம் குப்பைன்னு நெனச்சு அது தூக்கிப் போட்டுடும். கைய எடுங்க. லீவுக்கு முன்னாடி யார் இதைத் தொட்டது?"

"யாரும் தொடல சார். சத்தியமா" என்றார் முதலாளி.

பெருமூச்சு சார் பெட்டியை அணைத்து மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம். சந்தனத்துக்கு நடுவே குங்குமம். வரிசையாக, மணவறைக்குப் போகிற பெண்களைப் போல உட்கார்ந்திருந்தன.

அப்போது விட்டாரே ஒரு மூச்சு!

"சாமி காரியம் சார்," என்று தலையைச் சொறிந்தார் முதலாளி. "கேமராவுக்கு வெச்சேன், டிரைபாடுக்கு வெச்சேன். சோறு போடுற மெஷினு, அதுக்கு வெளிய மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்? கழட்டித் தொடைச்சு, பொட்டு வெச்சு, திரும்ப மாட்டிட்டேன்."

"எந்த இடத்துல இருந்ததை எந்த இடத்துல மாட்டினீங்க?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே கீது!"

விஷயம் அதுதான். இரண்டாவது இடத்தில் இருப்பதைத் திற என்று பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறது. இரண்டாவதில் இப்போது வேறு ஆள். "அப்படி எழுதி வெச்ச மடையன் யாரு?" என்று பாய்ந்தார் முதலாளி. பெருமூச்சு சார் மெதுவாக, "நான்தான்" என்றார். "இடத்தை வெச்சுக் கூப்பிட்டது என் தப்பு. ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா நம்பர் உண்டு, அதை வெச்சுக் கூப்பிட்டிருக்கணும்."

மாற்றி எழுதினார். அப்படியும் திறக்கவில்லை. ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டாள். அவர் மறுபடி அணைத்து ஒரு டிஸ்கை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். வயர் சேருகிற பல்லுக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. புது டூத் பிரஷ் வாங்கிவரச் சொல்லி, மூச்சே விடாமல் தேய்த்தார். அவர் மூச்சு விடாததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

மாட்டினார். திறந்தது. ஆனாலும் உள்ளே எதையும் மாற்ற முடியாதபடி, பார்க்க மட்டும் வைத்துத் திறந்தார். ஸ்டெல்லா தேடிய இடம் வந்தது. வேட்டி சட்டையில் அவள் அப்பா கேமராவை விரட்டுகிறார்: "ஏம்ப்பா, என் மூஞ்சிய எதுக்குப் புடிக்கிற? என் பொண்ணைப் புடி. இன்னிக்கு அவளைப் பாக்கத்தானே எல்லாரும் வந்திருக்காங்க!"

அவள் சிரித்தாள், அழுதாள், பெருமூச்சு சார் காலில் விழப் போனாள். அவர் பதறி, "எழுந்திரும்மா, மேஜை ஆடுது, டிஸ்க் ஓடிட்டிருக்கு" என்றார். அவள் கையில் இரண்டு பிரதி சேருகிறவரை டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் அவருக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். எங்கள் தெரு முருகன் கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டைக் கொடுத்தேன். பேர், நட்சத்திரம் கேட்டார் குருக்கள். இத்தனை வருஷத்தில் இரண்டையுமே நான் கேட்டதில்லை.

"தெரியலைன்னா சாமி பேருக்கே பண்ணிடட்டுமாம்மா?"

"பண்ணுங்க சாமி. பொழிச்சலூர்ல கம்ப்யூட்டர் பாக்குறவர்னு மட்டும் காதுல போட்டு வையுங்க. இல்லேன்னா அவருக்குப் பதிலா முருகன் வேற யாரையாவது பாத்துடப் போறாரு."