அசையாமல் கிடந்ததற்கு ஒரு விருது

இனிமேல் ஆட்டுப் புழுக்கையைத் தொடமாட்டேன் என்று பூவனலிங்கம் சபதம் எடுத்தார். அதற்கு முன்னால் அவர் எப்போது தொட்டார் என்று எப்போதும்வென்றான் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆடுகளுக்கும் ஞாபகமில்லை.

சபதத்துக்குக் காரணம் ஒரு படம். பேர் ‘மண்வெடிப்பு’. கொலை, போலீஸ், அழுகை எல்லாம் கலந்த த்ரில்லர். போன சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது இந்த ஊருக்கு வந்து ரெண்டு நாள் எடுத்தார்கள். அதில் பூவனலிங்கத்துக்கு ஒரு வேஷம். பொணம். வெடித்த நிலத்தில் கையைக் காலைப் பரப்பிக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கட் சொன்ன பிறகும் அவர் எழும்பவில்லை. டைரக்டர் தம்பி பதறிப்போய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். குறட்டை வந்தது.

இப்போது அந்தப் படத்துக்குப் புதுப் போஸ்டர் வந்திருக்கிறது. போஸ்டர் முழுக்க இலை. ரெண்டு வேப்பங்கொத்தை வளைத்துக் கட்டின மாதிரி ஒரு வட்டம், நடுவில் ஏதோ ஒரு நாட்டின் பேர். ஒவ்வொரு வட்டமும் ஒரு விருதாம். அம்மை கண்ட வீட்டு வாசலில்கூட அத்தனை இலை இருக்காது. விருது பதினொன்று. நாமினேஷன் இருபத்துமூணு. காசு கட்டினால் இலை அனுப்பும் விழாக்களும் உண்டு என்று மொபைல் கடை ஜான்பீட்டர் சொன்னான். பூவனலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை.

நாமினேஷன் அவருக்குப் பழகிய சங்கதிதான். ஒரு தடவை வார்டு மெம்பருக்கு நாமினேஷன் போட்டார். வீட்டில் அவரும் பெண்டாட்டி முத்துசெல்வியும். ரெண்டு ஓட்டு. விழுந்தது ஒன்று.

அந்த முத்துசெல்விக்கு இப்போது கவலையெல்லாம் உளுந்து. கார்த்திகை மாசம். மழை பெய்ததும் உளுந்து முளைத்தது, அதைவிட வேகமாகக் களை முளைத்தது. ஒத்தை ஆளாகக் கொத்திக் கொத்தி முக்கால்வாசிக் காட்டை முடித்துவிட்டாள். வடக்குப் பக்கம் அரை ஏக்கர் பாக்கி. இந்த வாரம் எடுக்காவிட்டால் அந்த உளுந்தை மறந்துவிடலாம். கூலிக்குக் கூப்பிட ஆள் கிடையாது. பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில், மீதிப் பேர் நூறு நாள் வேலையில். அவள் முட்டியோ வீங்கிவிட்டது. இதற்கடுத்து மிளகாய்க் காடு வேறு காத்துக் கிடக்கிறது.

“ஏங்க, வடக்குப் பக்கம் மட்டும் கொத்திக் குடுங்களேன். என் முட்டியப் பாருங்க, பனங்காய் மாதிரி இருக்கு.”

“ஏட்டி, பதினொரு விருது வாங்கின படத்துல நடிச்சவன்ட்ட பேசுத பேச்சா இது?”

“விருது உங்களுக்கா குடுத்தாவ?”

“ஒளிப்பதிவுக்குக் குடுத்திருக்கான். யார ஒளிப்பதிவு பண்ணினான்? என்னைத்தான?”

“எடிட்டிங்குக்கும் குடுத்திருக்கான்.”

“அதுவும் என்னாலதான்.”

“ஆமா. நீங்க கிடந்த நாப்பது விநாடிய எட்டு விநாடியா வெட்டினானே, அதுக்குத்தான் குடுத்திருப்பான்.”

பூவனலிங்கம் கயிற்றுக் கட்டிலில் புரண்டு படுத்தார். “துணை நடிகர் விருதுதான் பாக்கி. அடுத்த வாரம் இன்னொரு விழாவுல அறிவிக்காவ, அதுல வந்திரும். கிடா ரெண்டையும் வித்துரலாம்னு இருக்கேன். எட்டயபுரம் விலக்கு ரோட்டுல பிளெக்ஸ் வைக்கணும். மேடையேற ஒரு கோட்டு தைக்கணும்.”

கிடா ரெண்டும் முத்துசெல்வி குட்டியிலிருந்து வளர்த்தவை. அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பூவனலிங்கம் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் போனும் கையுமாக வந்து நின்றாள். வீட்டில் இருப்பது ஒரே டச் போன். அது அவளுடையது.

“அந்த டைரக்டர் தம்பி பேசுச்சு. துணை நடிகர் விருதுக்கு உங்க பேரு போயிருக்காம்.”

பூவனலிங்கம் கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தார். கட்டிலே பயந்துவிட்டது.

“ஆனா ஒரு சிக்கலாம்.”

“என்ன சிக்கல்?”

“நீங்க நடிச்சீங்களா, இல்ல சும்மா கிடந்தீங்களான்னு நடுவருங்களுக்குச் சந்தேகமாம்.”

“பொணம் சும்மாதானட்டி கிடக்கும்!”

“அதத்தான் அவியளும் சொல்லுதாவ. ஓடியாடி வேலை செய்யுத மனுஷன் அசையாம கிடந்தா அது நடிப்பு. எப்பவும் கிடக்குதவரு கிடந்தா அதுக்கு எதுக்கு விருதுன்னு கேக்காவ.”

பூவனலிங்கம் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. பயமாகவும் இருந்தது. “ஊருக்குள்ள வந்து விசாரிப்பாவளோ?”

“விசாரிச்சா நீங்க காலி. அதான் முந்திக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு பெரிய வேலைக்காரரு, வேணும்னா வீடியோ எடுத்து அனுப்புதேன்னு சொல்லிட்டேன். ஏழு நாள் எடுக்கணுமாம்.”

“ஏழு நாளா?”

“ஒரு நாளைக்குன்னா சோம்பேறியும் செய்வானாம்.”

அன்றைக்கே வடக்குப் பக்கம் ஷூட்டிங் தொடங்கியது. முத்துசெல்வி வரப்பில் குடையை ஊன்றினாள். கவிழ்த்த சட்டி மேல் உட்கார்ந்து வீங்கின காலை நீட்டினாள். காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, போனை மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

“காதுல என்னட்டி?”

“சவுண்டு பாக்கேன். ஆக்‌ஷன்!”

பூவனலிங்கம் குனிந்தார். களைக்கொத்தியை அவர் பிடித்த லட்சணத்தைப் பார்த்தால் மைக் பிடித்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் நிமிர்ந்தார்.

“கட்! எதுக்கு நிமிந்தீங்க? இந்த உழவுச் சால் பூரா ஒரே ஷாட்டு. நிமிந்தா அடுத்த சாலையும் சேத்துக் கொத்தணும்.”

“இடுப்பு போச்சுட்டி.”

“வலிய மூஞ்சில காட்டாதீங்க. தெனமும் செய்யுதவரு மாதிரி இருக்கணும். அங்கன ரெண்டு கோரைய விட்டுட்டீங்க பாருங்க. வேரோட வரணும். வெளிநாட்டுக்காரன் ஒண்ணுக்கு நாலு தடவ பாப்பான்.”

இப்படியே போனது. காலையில் களை. மத்தியானம் ஆடு மேய்ப்பு, அதற்குப் பேர் அவுட்டோர். சாயங்காலம் தண்ணீர்க் குடம், அதற்குப் பேர் பாட்டு சீன். எடுத்ததைக் காட்டு என்று கேட்டால், நடிகன் தன்னைத் தானே பார்த்தால் நடிப்பு கெட்டுப்போகும் என்றாள். சில நேரம் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு நாள் கண்ணைத் துடைத்தாள்.

“என்னட்டி, அழுதே?”

“உருக்கமா இருக்குங்க.”

பூவனலிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. அன்றைக்கு மட்டும் ரெண்டு சால் கூடுதலாகக் கொத்தினார்.

பக்கத்துக் காட்டுக் கருத்தையா அந்த வழியாக வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சோம்பேறித்தனத்தில் பூவனலிங்கத்துக்கு அந்த ஊரில் ஒரே போட்டி அவன்தான். “என்ன மச்சான், வேலை செய்யுதே? உடம்புக்கு முடியலியா?”

“ஏலே, ஃபிரேமுக்குள்ள வராத. தள்ளிப் போ.”

மூணாம் நாளும் அஞ்சாம் நாளும் டேட்டா தீர்ந்துவிட்டது என்றாள் முத்துசெல்வி. பூவனலிங்கமே பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய் ஜான்பீட்டர் கடையில் போட்டுவிட்டு வந்தார். ஏழாம் நாள் பொழுது சாயும்போது வடக்குப் பக்கத்தில் ஒரு கோரை கிடையாது. உளுந்து மூச்சு விட்டது. முத்துசெல்வியின் முட்டியும் வடிந்துவிட்டது.

“பேக்கப்!” என்று சொல்லி எழுந்து, தாராளமாக நடந்தாள். பூவனலிங்கம்தான் நொண்டினார்.

மறுநாள் அந்த விழாவின் விருது அறிவிப்பு. பூவனலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜான்பீட்டர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜான்பீட்டர் போனைத் தள்ளித் தள்ளி வாசித்தான்.

“இசை, நமக்கு இல்ல. திரைக்கதை, இல்ல. கலை இயக்கம்... அண்ணாச்சி, மண்வெடிப்பு!”

“எதுக்காம்?”

“‘வெடித்த நிலத்தில் கிடந்த பிணப் பொம்மையை அச்சு அசல் மனிதன் போலவே செய்ததற்காக’ன்னு போட்டிருக்கான்.”

“பொம்மையா? யாருலே பொம்மை?”

ஜான்பீட்டர் இருமினான்.

“துணை நடிகர் லிஸ்ட்ல என் பேரப் பாரு.”

“இல்ல அண்ணாச்சி.”

“எப்படிலே இல்லாமப் போகும்? ஏழு நாள் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கு. நீதான ரெண்டு தடவ டேட்டா போட்ட!”

“எந்த போன்ல எடுத்தீங்க?”

“உங்க மதினி போன்லதான்.”

“அதுல கேமராவே கிடையாதே. ஆட்டுக்குட்டி மிதிச்சு ஒடஞ்சு போச்சுன்னு மதினி புரட்டாசியில கொண்டாந்தாவ. மாத்திரலாமான்னு கேட்டேன். வேணாம், சீரியல் ஓடினா போதும்னுட்டாவ.”

பூவனலிங்கம் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து நாய்கள் ஒதுங்கின. முத்துசெல்வி கிடாக்களுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி! கேமரா இல்லாத போன வச்சு ஏழு நாளா என்னத்தட்டி எடுத்தே?”

“களை எடுத்தேன்.”

“என்னைய ஊரே பொம்மைங்குது!”

“அப்ப பிளெக்ஸ் வேண்டாம்லா? பொம்மைக்கு யாரு பிளெக்ஸ் வைக்கா?” கிடாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அது தப்பித்தது தெரியாமல் குழையை மென்றது.

“இனிமே நீ என்ன சொன்னாலும் நம்பமாட்டேன். பாத்துக்க.”

“நம்பாதீங்க. இப்ப அந்தத் தம்பி நெசமாவே பேசுச்சு. அடுத்த படத்துலயும் ஒரு பொணமாம். விருது வாங்கின அதே பொணந்தான் வேணுமாம்.”

“பொய்.”

“பொய்தான். மாசியில எடுப்பாவளாம், நம்ம மிளகாய்க் காட்டுலதான். களை கிடந்தா பொணம் மறைஞ்சு போகும், சுத்தமா வைங்கன்னுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு இஷ்டமில்ல, கருத்தையாவக் கேளுங்கன்னு சொல்லிட்டேன்.”

“கருத்தையாவா? அவனுக்கு ரெண்டு நிமிஷம் சேந்தாப்புல கிடக்கத் தெரியுமா?”

“கொசு கடிச்சாக்கூட அசையமாட்டானாம்.”

பூவனலிங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்தார். வாசல் வரை போய்க் கருத்தையா வீட்டை எட்டிப் பார்த்தார். இவள் சொல்வது பச்சைப் பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“அந்தக் களைக்கொத்திய எங்கட்டி வச்சே?”