நாற்பது கெஜம் குறைந்த வீடு

கருக்கம்பாளையம்,
17-7-1963

மதிப்புக்குரிய மச்சான் தண்டாயுதபாணி அவர்களுக்கு, தங்கள் தங்கை அத்தாயியின் வீட்டுக்காரன் நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் உங்கள் தங்கையும் மகள் சாலம்மாளும் எருமை இரண்டும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. அவ்விடத்துச் சுகத்துக்குக் கடிதம் போடவும். யூனியன் ஆபீசில் குமாஸ்தா நாற்காலியில் இருப்பவர் நீங்கள், அதனால் மழை தண்ணி விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொண்டு ஆபீஸ் சங்கதிக்கு வருகிறேன்.

ஹைஸ்கூலுக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு யூனியன் செலவில் கூண்டு வண்டி விட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம். வீட்டு வாசற்படியிலிருந்து நடந்து போகிற தடத்தில் பள்ளிக்கூடம் இரண்டு மைலுக்கு மேல் இருந்தால்தான் வண்டியில் இடம் என்று சட்டமும் வைத்திருக்கிறீர்கள். போன மாசம் உங்கள் ஆபீசிலிருந்து ஒருவர் சங்கிலியோடு அளக்க வந்தார். மோர் கொடுத்தேன், இளநீர் வெட்டினேன், அவருடைய சங்கிலியின் ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். கடைசியில் என் வீடு இரண்டு மைலுக்கு நாற்பது கெஜம் குறைவு என்று எழுதிவிட்டார். நாற்பது கெஜம், மச்சான்! "புள்ள வாசப்படியிலிருந்தா கெளம்புறா? மாட்டுக்கொட்டாய்க்குப் பொறகால இருக்கிற கெணத்துல மொகங் கழுவிட்டுத்தானுங்க கெளம்புறா, அங்கிருந்து அளங்க" என்றேன். "கெணத்துக்குள்ள யாருங்க குடியிருக்கறாங்க?" என்று கேட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார். உங்கள் தங்கை உள்ளேயிருந்து சிரித்தாள்.

நமக்குக் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பங்காளி தீர்த்தகிரியின் வீட்டுக்கு இரண்டு மைல் ஒரு பர்லாங் என்று எழுதினாரே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. அவன் வீடு என் சோளக்காட்டுக்கு அந்தப்புறம். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அப்பேர்ப்பட்டவன் மகள் கந்தம்மாள் காலையில் வண்டிக்குள் வைக்கோல்மேல் சாக்கு விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து போகிறாள். நடந்து போகிற என் மகளைப் பார்த்துக் கையை வேறு ஆட்டுகிறாள். இவளும் புழுதியில் நின்று திருப்பி ஆட்டுகிறாள், விவரங்கெட்ட கழுதை. சாயங்காலம் வந்து, "அப்பா, வண்டி மாட்டுக்குக் கொம்புல சிவப்புப் பெயிண்டு அடிச்சிருக்கறாங்க" என்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. இதற்குப் பொறாமை என்று பேர் என்கிறாள் உங்கள் தங்கை. பொறாமையேதான், யார் இல்லை என்றார்கள்?

இத்தனை பக்கத்தில் இருக்கிறவனுக்கு எப்படி அத்தனை தூரம் வந்தது என்று சோறு இறங்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் டீக்கடையில் கிடைத்தது. நான் இருப்பது தெரியாமல் தீர்த்தகிரி நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "நாச்சிமுத்துத் தம்பி வேலி போட்டாப்புல, நாங்க பள்ளத்தைச் சுத்திப் போறோம். சுத்திப் போறதாலதானுங்க எம்புள்ளைக்கு வண்டி கெடச்சுது. தம்பி மகராசனா இருக்கோணும்!"

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவன் வண்டி என் பயிரை மிதித்ததற்காக, என் காட்டுக்குள் போன தடத்தைக் கிளுவை முள் நட்டு அடைத்தேன். மாரியம்மன் நோம்பியில் ஊரே கூடிக் கேட்டும், உங்கள் அய்யன், என் மாமனாரே வந்து கேட்டும், ஒரு ஆட்டுக்குட்டி நுழைய இடம் விடவில்லை. அந்த வேலி அவனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்ததென்றால் எனக்கு எப்படி இருக்கும்? மறுநாளே அரிவாளை எடுத்தேன். வேலியை வெட்டி, மேட்டைச் செதுக்கி, குழியை நிரவி, நடுவில் கிடந்த பாறாங்கல்லைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து, வண்டி போகிற தடமாக்கிவிட்டு ஆபீசுக்கு மனு எழுதினேன். அதே சங்கிலிக்காரர் வந்தார். "இன்னிக்குத் தெறந்து காட்டிட்டு நாளைக்கு அடச்சுக்குவீங்களா?" என்றார். "சாமி சத்தியமா எப்பவும் தெறந்தே கெடக்குமுங்க" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அளந்தார். தீர்த்தகிரி வீடு ஒரு மைல் ஆறு பர்லாங், இரண்டு மைலுக்கு இரண்டு பர்லாங் குறைவு! அன்றைக்குத்தான் ஒரு மாசத்துக்கு அப்புறம் இரண்டாம் சோறு போட்டுக்கொண்டேன்.

ஆகவே மச்சான், அந்தக் காகிதம் உங்கள் மேசைக்கு வந்தால் கட்டுக்கு அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும். தடத்தை ரிஜிஸ்தரில் அழியாத மையில் ஏற்றி, கந்தம்மாள் பெயரை அடிக்க ஏற்பாடு செய்யவும். சாலம்மாளுக்கு வண்டியில் இடம் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் நடக்கட்டும், அதுவும் சந்தோஷம்தான்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். மாரியம்மன் கண் திறந்து உங்களுக்கு மேனேஜர் நாற்காலி கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
நாச்சிமுத்து

பின்குறிப்பு, 28-ம் தேதி: சந்தைக்குப் போகும்போது தபாலில் போடலாம் என்று இதை விட்டத்தில் செருகி வைத்திருந்தேன். அதற்குள் நான் கேட்காமலே நீங்கள் செய்துவிட்டீர்கள். கந்தம்மாள் பெயரை அடித்தாயிற்று. என் காட்டுத் தடத்தைப் பொதுத்தடம் என்று ரிஜிஸ்தரிலும் ஏற்றியாயிற்று. அன்றைக்கே தீர்த்தகிரி அதில் நாலு வண்டி எரு ஓட்டினான். அப்புறம் வெற்றிலை பாக்குத் தட்டத்தோடு வந்து, "பதினோரு வருசமாக் கேட்டதை வாயத் தெறக்காமயே குடுத்துட்டயே தம்பி" என்று உங்கள் தங்கை முன்னால் கண் கலங்கினான். தடம் சமமாகிவிட்டதால் சைக்கிள் ஒன்றும் வாங்கிவிட்டான். காலையில் கந்தம்மாளைப் பின்னால் வைத்துக்கொண்டு தடத்து முனையில் நின்று மணி அடிக்கிறான், என் மகள் ஓடிப்போய் முன்கம்பியில் ஏறிக்கொள்கிறாள். கேட்டால், "பெரியப்பா கூப்புட்டாருங்கப்பா, வண்டியைவிட இதுதான் வேகம்" என்கிறாள். எழுதிக் கொடுத்ததை மீறி வேலியை மறுபடி அடைத்தால் கந்தம்மாளுக்கு யூனியன் வண்டி திரும்பக் கிடைத்துவிடும். அடைக்காவிட்டால் அவனுக்குத் தடம் நிலைத்துவிடும். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டில் எது அவனுக்குக் கொஞ்சம் குறைந்த லாபம் என்று மட்டும் பார்த்து உடனே எழுதவும்.