முகப்பு எழில் பேணும் பெட்டி

ஏசி என்பது அறையைக் குளிர வைக்கும் சாதனம். இதில் எனக்கோ அதைச் செய்த கம்பெனிக்கோ கருத்து வேறுபாடு கிடையாது. எங்கள் வீட்டு ஏசிக்குத்தான் இருந்தது. பதினெட்டு என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டே, ஜலதோஷக்காரனுக்கு ஆவி பிடிக்கிற மாதிரி காற்றை ஊதியது.

எட்டு மாதக் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மூன்று நாள் பொறுத்த என் மனைவி, நாலாம் நாள் குழந்தையையும் பவுடர் டப்பாவையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சண்டை போடவில்லை. "ஏசி குளிர்ந்ததும் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் சும்மா சும்மா பண்ணாதீங்க" என்றாள். இதற்குச் சண்டையே போட்டிருக்கலாம். குழந்தை வேறு கதவு மூடும்வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. எனக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஃபில்டரைக் கழற்றி இரண்டு முறை கழுவினேன். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினேன். ஏசி மசியவில்லை. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் ஃபில்டரைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யாரும் கழுவ மாட்டார்கள் என்று பாராட்டினார். கேஸ் சரியாக இருக்கிறது என்றார். பிறகு பால்கனிக்குப் போனவர், வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன சார்?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏசிக்கு அவுட்டோர் யூனிட் என்று ஒன்று வெளிச்சுவரில் தொங்கும். அது பார்க்க லட்சணமாக இருக்காது. அதை மூடி மறைப்பதுதான் இப்போது நாகரிகம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் எங்கேயோ படித்துவிட்டார். அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. அலுவலகம்தான் ஓய்வு பெற்றது, அவர் இன்னும் பெறவில்லை. நாற்பத்தெட்டு வீட்டு யூனிட்டுகளும் நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். பெட்டியின் அதிகாரபூர்வப் பெயர் 'முகப்பு எழில் பேணும் பெட்டி'. நிறம் தேர்வு செய்யும் குழுவில் நானும் இருந்தேன். பாதாம் நிறம் கேட்டவர்களோடு இரண்டு மணி நேரம் வாதாடி, யானைத் தந்த நிறத்தை ஜெயிக்க வைத்ததே நான்தான்.

மெக்கானிக் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ரூம்ல இருக்கிற சூட்டை வெளிய தள்ளுறதுதான் சார் இதோட வேலை. நீங்க இதைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க. அது விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துட்டு இருக்கு. பெட்டியைக் கழட்டினா பத்து நிமிஷத்துல குளிரும்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அனுமதியின்றிப் பெட்டியைத் தொடுவது விதி பதினொன்றின்படி முகப்புச் சேதம்.

தலைவர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஏசி பதினெட்டில் ஓடியது. அவருடைய பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுல குளிருதா சார்?"

"அருமையா" என்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பெட்டிதான் காரணம்னா நாற்பத்தெட்டு வீட்டுலயும் குளிரக் கூடாது. வேற யாராவது புகார் குடுத்தாங்களா? இல்லை. அப்ப பெட்டி மேல தப்பு இல்லை."

ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் ஒரு தொழில்நுட்பத் துணைக்குழு அமைத்தார். குழு பத்து நாள் ஆராய்ந்து, பெட்டிக்குள் யூனிட் சூடாக இருப்பதை ஒப்புக்கொண்டது. சூடான பொருளைக் குளிர வைப்பது எது? ஏசி. ஆகவே பெட்டிக்குள் ஒரு சின்ன ஏசி பொருத்தப்பட வேண்டும். அந்தச் சின்ன ஏசிக்கும் அவுட்டோர் யூனிட் உண்டு, அதுவும் லட்சணமாக இருக்காது. ஆகவே அதற்கும் ஒரு பெட்டி, தந்த நிறத்தில்.

மெக்கானிக்தான் மாட்டினார். பதினைந்து வருஷமாக ஏசி மாட்டுகிறேன், ஏசிக்கு ஏசி மாட்டுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே மாட்டினார். முன்பு ஒரு பெட்டி கொதித்தது, இப்போது இரண்டு கொதித்தன.

இதற்கிடையில் எழில்மிகு முகப்புக்கான நகராட்சிப் பரிசு எங்களுக்குக் கிடைத்து, பேப்பரில் கட்டடத்தின் போட்டோவும் வந்தது. அதைக் கொண்டாடப் பொதுக்குழு கூடியது. எல்லாரும் நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று தலைவர், ஏசி குளிராதவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஒருத்தர்கூடத் தூக்கவில்லை. மூன்றாம் மாடி டீச்சரின் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்வை விழுந்தது. அந்தம்மாவும் கையை மடியிலேயே வைத்திருந்தார். எனக்குக் குழந்தையின் முதுகு ஞாபகம் வந்தது. கையைப் பாதி தூக்கிவிட்டேன்.

"தந்த நிறம் சொன்னது நீங்கதானே?" என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர்.

தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. வாசலில் மனைவி, இடுப்பில் குழந்தை, கையில் பை. சந்தோஷத்தில் பாய்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஏசி இன்னும் குளிரவில்லை என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "நம்ம பில்டிங் போட்டோவைப் பேப்பர்ல பாத்துட்டு அண்ணன் பில்டிங்லயும் பெட்டி வெச்சுட்டாங்க. இங்கயாச்சும் தொட்டில் இருக்கு."

மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'வெப்பத்தின் காரணமாக வெளியேறிய தங்கள் குடும்பம், கைக்குழந்தை சகிதம் திரும்பியுள்ளமையால், தங்கள் இல்லத்தில் குளிர்ச்சி நிலைநாட்டப்பட்டமை ஐயமற நிரூபணமாகிறது. புகார் முடித்து வைக்கப்படுகிறது. திருப்தி என எழுதிக் கையொப்பமிட்டுத் தரவும்.'

தலைவர் எதிரிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். நெற்றியிலிருந்து வியர்வை விழுந்து மை கலைந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. வேறொரு நகலை எடுத்து வைத்து, தன் ஈரத் துண்டையும் நீட்டி, முகத்தைத் துடைத்துவிட்டுப் போடச் சொன்னார். துடைத்துவிட்டுப் போட்டேன்.