தங்கை வீட்டில் ஓடாத கல்யாணம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு உங்கள் நலத்தையும் என் தங்கையின் இடது கால் நலத்தையும் அறிய ஆவல். அவள் கோபம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தனியாக எழுதவும்.

கால் முறிந்து கட்டிலில் கிடந்ததால் என் மகள் கல்யாணத்துக்கு அவளால் வர முடியவில்லை. அதற்காக நான் முகம் சுளித்தேனா? போட்டோ எல்லாவற்றையும் டிவிடியில் போட்டு அனுப்புகிறேன், படுத்தபடியே டிவியில் பார் என்றேன். மூன்று அனுப்பினேன். மூன்றையும் உங்கள் வீட்டு பிளேயர் துப்பிவிட்டது. "ஏண்ணே, கல்யாணத்துக்கு வரலைன்னு காலி டிவிடி அனுப்பிப் பழி வாங்குறியா?" என்று கேட்டுப் போனை வைத்தவள்தான், அதன்பிறகு என் போனை எடுப்பதே இல்லை. கூடப் பிறந்தவன் காலியாக அனுப்புவானா? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். முதல் டிவிடி வாங்கப் போனபோது கடைக்காரர், "பெரியவரே, பிளஸ்ஸா மைனஸா?" என்றார். எழுதும் டிவிடியில் அப்படி இரண்டு ரகமாம். "கல்யாணக் காரியத்துக்கு எவனாவது மைனஸ் வாங்குவானா? பிளஸ் குடுய்யா" என்றேன். பழைய பிளேயர்களில் சில, பிளஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அது ஓடவில்லை என்றதும் உங்களுக்குப் போன் செய்து, பிளேயரின் முகப்பில் எந்த டிவிடி ஓடும் என்று எழுதியிருக்கும், படியுங்கள் என்றேன். நீங்களும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "ஓப்பன், குளோஸ்னு போட்டிருக்கு மச்சான்" என்றீர்கள். இதை வைத்துக்கொண்டு நான் எந்தக் கடையில் போய் நிற்பது? சரி, விலை கூடினால் எதிலும் ஓடும் என்று நம்பி, அழித்து அழித்து எழுதும் டிவிடியை வாங்கினேன். அந்த வகைதான் பழைய பிளேயருக்கு அடியோடு ஆகாதாம். போதாததற்கு, மணமக்கள் பெயர் எழுதிய காகிதத்தை நானே வட்டமாக வெட்டிப் பசை தடவி அதன்மேல் ஒட்டியிருந்தேன். உங்கள் பெட்டி மாவு மெஷின் மாதிரி கத்தியது என்று நீங்களே சொன்னீர்கள்.

மூன்றாவதில்தான் என் மனசு நொந்துவிட்டது. ரோஷத்தை விட்டு மைனஸ் வாங்கினேன். அவசரப்படாமல் குறைந்த வேகத்தில் பதிந்தேன். கடைசியில் கம்ப்யூட்டர், டிஸ்க்கை மூடிவிடட்டுமா என்று கேட்டது. மூடினால் அப்புறம் எதையும் சேர்க்க முடியாதாம். வேண்டாம் என்றேன். பாதி இடம் மிச்சம் இருக்கிறது, தங்கை தன் வீட்டுப் போட்டோக்களையும் அதில் போட்டுத் திருப்பி அனுப்பட்டும், இரண்டு வீடும் ஒரே தட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இது தப்பா மாப்பிள்ளை? அதையும் உங்கள் பிளேயர் துப்பியதைக் கேட்டு, வீட்டுக்கு வந்திருந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, மூடாத டிஸ்க்கை டிவி பிளேயர் படிக்காதுப்பா. அடுத்ததையாவது மூடித் தொலைங்க."

"கூடப்பொறந்தவ மூஞ்சியில கதவைச் சாத்தச் சொல்றியா?"

"அத்தை கதவையா பாக்கக் கேட்டாங்க? கல்யாணத்தைல்ல கேட்டாங்க!"

பெற்ற பெண்ணே கட்சி மாறினால் நான் என்ன செய்வது?

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இத்துடன் இரண்டு டிவிடிகள் வருகின்றன. ஒன்று மைனஸ், பதிந்து, மூடி, பக்கத்து வீட்டுப் பழைய பிளேயரில் ஓட்டிப் பார்த்தது. காகிதம் ஒட்டவில்லை; அதற்கென்று விற்கிற பேனாவால்தான் எழுதியிருக்கிறேன். இன்னொன்று அதே வகை, காலி. ஆமாம், காலியேதான். அவள் போட்டோக்களுக்காக. இதையும் பழி என்று கிளம்பிவிடப் போகிறாள், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இந்தத் தடவை கட்டாயம் ஓடும். பார்த்துவிட்டு அவளாகப் பேசட்டும். அதுவரை உங்கள் வாசற்படி மிதிப்பதாக இல்லை.

தங்கையின் கால் சீக்கிரம் தரையில் ஊன்றட்டும், உங்கள் பிளேயருக்கும் நல்ல புத்தி வரட்டும் என்று வாழ்த்தும்,

நியாயம் தன் பக்கம் இருக்கிற
உங்கள் மச்சான்.

பி.கு.: கவரை ஒட்டும்போது தங்கையே போன் செய்தாள். உங்கள் பிளேயர் கெட்டுப்போய் வெகுநாளாகிறதாம். எந்த டிவிடியைப் போட்டாலும் துப்புமாம். எதிர்வீட்டு டீச்சரின் கம்ப்யூட்டரில் என் மூன்றும், காகிதம் ஒட்டியது உட்பட, சமர்த்தாகத் திறந்துகொண்டனவாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். நான் மூச்சு விடுவதற்குள், "எல்லாரும் இருக்காங்க. நீ ஒண்ணுலகூட இல்லியேண்ணே, எங்க போனே?" என்றாள். "கேமரா என் கையிலல்ல இருந்துச்சு" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. உன்னைப் பாக்கணும்" என்றாள். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், சிரிக்க வேண்டாம். படித்து முடித்ததும் கேமராவை வாங்கி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள். லென்ஸுக்கு முன்னால் விரலை வைத்துவிடாதீர்கள்.