விழித்தெழும் கோருக்குக் காலை வணக்கம்

மனித குலம் மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே, பிற்காலத்தில் கெய்ரோவில் டைரக்டர் ஷவ்கத் அதை நிர்வகிப்பார் என்ற நம்பிக்கையில்தான். மாதி பகுதியில், போன்களுக்குச் சில்லு செய்யும் ஒரு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், அந்த நிர்வாகம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. போன்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் நெர்மினுக்கு மூன்று வாரம் ஆனது. அவர்கள் செய்த சில்லுக்குள் எட்டு கோர்கள், அதாவது கணக்குப் போடும் எட்டு மூளைகள். வேலை இல்லாதபோது சிலவற்றை அணைத்துவிடுவார்கள். திரும்ப எழுப்பும்போது முதலில் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும், பிறகுதான் வேகத்தை. ஷவ்கத் தம் கைப்பட எழுதிய நிரல் முதலில் வேகத்தை ஏற்றியது. எழுந்த கோர், தெம்பு வருவதற்குள் ஓடி, மயங்கி விழுந்தது. போனும் கூடவே போனது.

"ரெண்டு வரிய எடம் மாத்தினா போதும் ஸார்," என்றாள் நெர்மின். "வீட்டுக்கு வந்தவங்களுக்குக்கூட டீ குடுத்துட்டுத்தானே வேலை சொல்றோம்."

"அந்த ஃபைல்ல எட்டு வருஷமா யார் கையும் பட்டதில்ல."

"அதான் ஸார் பிரச்சினையே."

ஷவ்கத் அவளைப் பரிவோடு பார்த்தார். தவறு செய்பவர்களை அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

இதற்கிடையில் ஓர் அற்புதம் நிகழ்ந்திருந்தது. கோர் எழும் நேரத்தைக் கவனிப்பதற்காக, அது ஓடத் தொடங்கும் முன் திரையில் 'காலை நலமாகட்டும்' என்று எழுதும் வரி ஒன்றை நெர்மின் நிரலில் செருகியிருந்தாள். அதை எழுதி முடிப்பதற்குள் மின்னழுத்தம் ஏறிவிட்டது. போன் சாகவில்லை. பக்கத்து இருக்கை வக்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதை டைரக்டரிடம் போய்ச் சொன்னான்.

"பார்த்தீங்களா," என்றார் ஷவ்கத். "என் நிரல் மரியாதை எதிர்பார்க்குது."

உடனே 'விழித்தெழும் கோர்களுக்கான மரியாதைக் குழு' அமைக்கப்பட்டது. முதல் கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது.

"'காலை மல்லிகையாகட்டும்'னு போட்டா இன்னும் நல்லா தாங்குது பாஷா," என்று டைரக்டரிடம் சொன்னான் வக்தி. அந்த ஊரில் காலை வணக்கத்தை இப்படிப் பல விதமாகச் சொல்வார்கள்.

"'காலை பாலாடையாகட்டும்'? அதையும் சேருங்க," என்றார் ஷவ்கத்.

"கோர் சாயங்காலம் எழுந்தா?" என்று மனிதவளத் துறை அம்மாள் கேட்டார். அதற்கு ஒரு துணைக்குழு அமைந்தது. பழைய வரிகளைத் தொடாமல், வணக்கத்தை மட்டும் நெர்மின் தன் பெயரில் நிரலில் ஏற்ற வேண்டும் என்று முடிவானது.

நெர்மின் கை தூக்கினாள். "ஸார், கடைக்குப் போற போன்ல இந்த மாதிரிச் செய்தியையெல்லாம் அடக்கிடுவாங்க. வணக்கம் இல்லேன்னா அந்த நேரமும் கிடைக்காது. போன் செத்துடும். மாற்றத்துக்குக் கீழ என் பேருதான் இருக்கும். என்னைத்தான் பிடிப்பாங்க."

"உங்களுக்குப் பேர் கிடைக்கட்டுமேனுதான் சொல்றேன். மாற்றக் குறிப்புல என் பங்கையும் எழுதிடுங்க. கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

நிரலில் என்ன மாற்றினோம், ஏன் என்று எழுதும் மாற்றக் குறிப்பு அந்தத் தொழிலின் கல்வெட்டு. ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. நெர்மின் உட்கார்ந்து, கொஞ்சமும் கஞ்சத்தனம் இல்லாமல் எழுதினாள். ஷவ்கத் முதல் வரியில் தம் பெயரைக் கண்டார். மேற்கொண்டு படிப்பது தற்பெருமை ஆகிவிடுமென்று கருதியோ என்னவோ, அத்தோடு நிறுத்தி ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

போன்கள் கடைக்குப் போயின. வணக்கம் அடக்கப்பட்டது. ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கில் செத்தன.

தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அம்மையார் வந்தார். ஷவ்கத் நெஞ்சை நிமிர்த்தி, "கடைசியா அதுல கை வச்சது நெர்மின்," என்றார். அம்மையார் குறிப்பைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"இந்த மாற்றத்தின் முழுப் பெருமையும் டைரக்டர் ஷவ்கத் அவர்களையே சாரும். 214ஆம் வரியில் மின்னழுத்தத்துக்கு முன்னால் வேகத்தை வைத்தவர் அவர். இரண்டு வரிகளை இடம் மாற்றினால் சரியாகும் என்றபோது தடுத்தருளியவரும் அவரே. அவர் ஆணைப்படி, பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குக் காலை வணக்கம் மட்டும் சொல்லப்படுகிறது. வணக்கம் அடக்கப்பட்டால் போன் சாகும் என்பதும் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்தவர்: ஷவ்கத்."