வீட்டில் தமிழுக்குத் தடை

ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்று அறிவித்தேன். இனி நம் வீட்டில் யாரும் தமிழ் பேசக்கூடாது. இந்த நாட்டுப் பாஷைதான்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். அடுத்த மாதம் மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல், அதுவும் இந்த நாட்டுப் பாஷையில். வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஆனால் என்னோடு வேலை செய்பவரும் தமிழர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று தமிழில்தான் திட்டிக்கொள்வோம். எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் மேலே, கீழே, திற, மூடு, பழுது. என் பாஷை தரைத்தளத்தை விட்டு ஏறவே இல்லை.

மனைவி கதையே வேறு. அவள் பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள். அங்கே வெட்டுவது கொஞ்சம், பேசுவது நிறைய. மகளோ பள்ளியில் அந்தப் பாஷையிலேயே சண்டை போட்டு வளர்ந்தவள். இதையெல்லாம் அறிவிப்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"யோசிச்சாச்சு. நானே கெஞ்சினாலும் விடாதே."

"சரிங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து தமிழ் வரவில்லை.

முதல் நாளே சாப்பாட்டில் உப்பு குறைவு. உப்புக்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை. தட்டைக் காட்டி, "பழுது," என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அது திரும்பி வரவில்லை.

மறுநாள் என்னவோ நீளமாகச் சொன்னாள். புரியாததால் தலையாட்டினேன். துணி துவைப்பது என் வேலையாயிற்று. அடுத்த தலையாட்டலில் குளியலறை கழுவுவதும் வந்து சேர்ந்தது. தமிழ் என்றால் அரை மணி நேரமாவது தாக்குப்பிடித்திருப்பேன். இதில் என்னிடம் இருந்த ஆயுதம் 'ஆமாம்', 'நல்லது' இரண்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டு எந்த மனுஷன் சண்டை போட முடியும்?

பொறுக்க முடியாமல் மகளை ஓரமாக அழைத்து, அம்மா என்ன சொன்னாள் என்று தமிழில் கிசுகிசுத்தேன். அவள் அங்கிருந்தே அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். சமையலறையிலிருந்து வந்த பதிலில் 'மூடு' மட்டும் எனக்குப் புரிந்தது. கதவைச் சொல்லவில்லை.

இங்கே என் மச்சினனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவியின் தம்பி. பக்கத்து நகரத்தில் இருக்கிறான். எந்த வேலையும் அவனிடம் நிலைக்காது. எங்களோடு வந்து தங்குகிறேன் என்று ஒரு வருஷமாகக் கேட்கிறான். நானும் சுவரில் ஈரம், குழாயில் கசிவு என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன்.

ஒரு மாலை மனைவி சூடாக டீ வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து இனிமையாகப் பேசினாள். நேர்காணலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 'தம்பி', 'அறை' இரண்டும் பிடிபட்டன. தம்பி இருக்கும் அறை வசதியாக இருக்கிறதாம் என்று நினைத்துக்கொண்டு, "நல்லது," என்றேன். அவள் இன்னொரு முறை கேட்டாள். "ஆமாம், நல்லது." மகள் கை தட்டினாள். என் பாஷைக்குக் கிடைத்த முதல் கைதட்டல். எழுந்து லேசாகக் குனிந்து வணக்கம் வேறு சொன்னேன்.

சனிக்கிழமை வாசலில் மச்சினன் நின்றான். கூடவே பெட்டிகள், ஓர் உடற்பயிற்சி சைக்கிள்.

"மாமா, நீங்க உடனே 'நல்லது'ன்னு சொன்னீங்களாம். அக்கா போன்ல சொன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

மனைவியைப் பார்த்துத் தமிழில் வாயைத் திறந்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். சட்டம் சட்டம்தானே. மூளையைத் துழாவினேன். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஒன்றுதான் முழு வாக்கியமாகக் கிடைத்தது. அதையே கம்பீரமாகச் சொன்னேன்: "பாரம் அதிகம். ஒருவர் வெளியேறவும்."

மனைவி யோசித்தாள். நியாயம்தான் என்பதுபோலத் தலையசைத்தாள். மகள் அறை மச்சினனுக்குப் போயிற்று. மகள் அம்மாவோடு படுத்துக்கொண்டாள். என் தலையணை ஹால் சோபாவுக்கு வெளியேறியது.

நேர்காணலில் எதைக் கேட்டாலும் 'ஆமாம்', 'நல்லது' என்றேன். இவ்வளவு பணிவான ஆளைப் பார்த்ததில்லை என்று பதவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த வேகத்தைச் சொல்லி மாளாது. ஒரு மாதத் தமிழ் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. பதவி கிடைத்த செய்தியைச் சொல்லி, தடை நீங்கியது என்றேன்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து எனக்கு நேராக வந்து நின்றாள்.

"ரொம்ப சந்தோஷம். இப்ப தமிழ்லயே சொல்லுங்க. என் தம்பி இங்க இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

தாய்மொழி தாய்மொழிதான். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா."