பச்சக்கப்பு அக்காவிடம் பெற்றவர்கள் பட்ட பாடு

விருத்தாசலத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் யார் என்று ஜங்ஷனில் இறங்கிக் கேட்டாலும், எங்கள் தெருப் பச்சக்கப்பு அக்காவைத்தான் கை காட்டுவார்கள். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். ஆனால் கொஞ்சம்தான்.

அக்காவுக்குப் பீங்கான் கம்பெனியில் அச்சில் கப்பு வார்க்கும் வேலை. சாயங்காலம் அவர் வந்து கை கால் கழுவியதும், தெருப் பிள்ளைகள் கையில் போனோடு அவர் வீட்டில் கூடிவிடுவார்கள். மற்ற வீடுகளில் போனைப் பிடுங்குவார்கள். அக்கா, "தள்ளி ஒக்காரு, நானும் பாக்கறேன்" என்பார். கொரியாக்காரப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து அண்டா நிறைய நூடுல்ஸ் தின்னும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "பாவம், கூட ஒக்காந்து சாப்புட யாரும் இல்ல போலருக்குது" என்று கண் கலங்கினார்.

துப்பாக்கி ஆட்டத்தையும் விடவில்லை. ஒருநாள், "என்னச் சுட்டுட்டான், யாராவது வந்து தூக்கி வுடுங்கடா" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவே பிடித்து வந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், ஆட்டத்தில் செத்துக் கிடந்த ஐம்பது வயது மனுஷியை எட்டு வயதுப் பொடிசு ஒன்று உயிர்ப்பித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்களக் கெடுக்கறதே நீங்கதான்" என்று பெற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள். அக்காவுக்குப் பச்சக்கப்பு என்று பெயர் வந்ததே அந்தச் சண்டைகளில்தான். கம்பெனியில் கழித்துப் போட்ட, சூளைக்குப் போகாத பச்சைக் கப்புகளைக் கேட்டு வாங்கி வந்து அடுக்கி வைத்திருப்பார். சுடாத மண், கொஞ்சம் அழுத்தினாலும் நொறுங்கிவிடும். அதில் ஒன்றை எடுத்து, சண்டைக்கு வந்தவர் கையில் கொடுப்பார்.

"புள்ள சொல்லி முடிக்கிற வரைக்கும் இதப் புடிச்சிக்கங்க. ஒடஞ்சா மொதல்லேர்ந்து சொல்லும்."

போனில் என்ன பார்த்தான் என்று மகன் சொன்னதைக் கேட்டு முடிக்கத் தையல்கடைக்காரருக்கு நாலு கப்பு செலவானது. கொட்டிய மண்ணையும் அவரே பெருக்கிவிட்டுப் போனார்.

நான் அந்தப் பக்கமே போகவில்லை. நான் கண்டிப்பான அப்பன். வீட்டில் இருந்த இன்னொரு போனை பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தேன். என் போனைப் பூட்டவில்லை, அது ஆபீஸ் வேலைக்கு. முதலை பிடிக்கிற வீடியோ எந்த ஆபீஸ் வேலை என்று என் மனைவி கேட்டதுண்டு. ஏழாவது படிக்கும் எங்கள் மகள் கயல், அக்காவின் போனில் ஆடுகிறாள் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க தம்பி. கயலு ரெண்டு நாளா ஆட்டத்துல தானாப் போயி சாவுது."

"ஆட்டமா? என்னா ஆட்டம்?"

"அதுக்கு அப்புறமாக் கோச்சிக்கலாம். கேட்டுக் கேட்டுப் பாத்து, இப்பதான் என்கிட்ட வாயத் தொறந்திச்சு. நீங்களும் கேக்கணும், வாங்க."

அக்கா வீட்டில் கயல் சுவரோடு சுவராக ஒண்டி உட்கார்ந்திருந்தாள். என் கைக்கு ஒரு கப்பு வந்தது. கயல் தரையைப் பார்த்தபடி சொன்னாள். கூட ஆடுகிறவன் ஒருவன் மெசேஜ் அனுப்பத் தொடங்கியிருக்கிறான். முதலில் பெயர் கேட்டான், அப்புறம் ஸ்கூல், அப்புறம் போட்டோ. யூனிபார்மில் இருந்த போட்டோ ஒன்றை இவளும் அனுப்பிவிட்டாள். இப்போது இன்னும் அனுப்பு என்கிறானாம்.

"முடியாதுன்னா என்னா பண்ணுவானாம்?" என்றேன்.

கயல் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்தார்.

"அப்பாவுக்குத் தெரியாம ஆடறேன்னு அவங்கிட்ட சொல்லியிருந்தேன். அத உங்கப்பாகிட்ட சொல்லிடுவேங்கறான்."

முகம் தெரியாத ஒருவன் என் பிள்ளையை மிரட்ட ஓர் ஆயுதம் வைத்திருந்தான். அந்த ஆயுதம் நான்தான். அவனைவிட என்னைக் கண்டுதான் அவளுக்குப் பயம். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. கப்பை மட்டும் உடையாமல் பிடித்திருந்தேன்.

"அப்பாவுக்குத்தான் தெரிஞ்சிடுச்சே. இனிமே அவன் யாருகிட்ட போயி சொல்லுவான்?" என்றேன்.

கயல் ஓடிவந்து என் மடியில் விழுந்து அழுததில்தான் கப்பு நொறுங்கியது. "பரவால்ல, வேற இருக்குது" என்றார் அக்கா. அவன் அனுப்பியதையெல்லாம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம், அவனை ப்ளாக் செய்தோம். அக்காவும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் இப்போது திட்டக்குடியில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் கயல் என்னிடம் வந்து, "அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது" என்றாள். சொல்லும்மா என்று உட்கார்ந்தேன். துணி ஊறவைத்த பக்கெட்டில் என் போனைப் போட்டுவிட்டாளாம். அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாதாம், முதலில் என்னிடம்தான் சொல்கிறாளாம்.

அந்தச் சந்தோஷத்தை உடனே திட்டக்குடிக்குக் கூப்பிட்டு அக்காவிடம் சொல்லத் துடித்தேன். அக்கா நம்பரும் போனோடு பக்கெட்டில் முழுகிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: நல்லா இருங்கக்கா.